கார்ப்பெட் மின்சாரம்

சால்வையைத் தலைவழியாகக் கழற்றினேன். காதோரம் பொரபொரவென்று ஒரு சத்தம். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தினால் கேட்குமே, அவ்வளவு சின்னதாக. பெங்களூரில் தை மாதத்துக் காலை. காற்றில் ஈரமே இல்லை. கண்ணாடியில் என் நரைமுடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து யாரையோ தேடிக்கொண்டு நின்றன.

இந்த மாதிரி நாளில் நான் எதையும் சட்டென்று தொட மாட்டேன். சாவியின் நுனியை இரும்புக் கதவில் ஒரு தடவை வைத்து எடுப்பேன். டிக். அதற்கப்புறம்தான் கை. வீட்டில் சிரிப்பார்கள், பூட்டைத் திறப்பதற்கு முன்னால் கதவுக்கு வணக்கம் வைக்கிறேனாம். வைத்துவிட்டுப் போகிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று, ஒன்பது வாடகை வீடு மாறியாயிற்று, எந்த ஊரிலும் மனசு முழுசாக உட்காரவில்லை. அந்தச் சத்தம் கேட்கிற ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு இருபத்துமூன்று வயது. பெரம்பலூரில் இருக்கிறேன். பக்கத்தில் அவள் இருக்கிறாள்.

உரக்கடைக்கு மேலே, மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸ். வெளிநாட்டில் யாரோ கையால் நிரப்பிய படிவங்கள் படமாக வரும். பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கம்ப்யூட்டர், இரண்டு ஏசி. கீழே யூரியா வாடை, மேலே குளிர். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் நீல நிற நைலான் கார்ப்பெட் விரித்திருந்தது. அதுதான் ஆபீஸ் நடத்துகிற சாருக்குப் பெருமை. யார் வந்தாலும், "டவுன்லயே கார்ப்பெட் போட்ட ஆபீஸ் நம்மளுதுதாங்க" என்பார். அதனால் செருப்பெல்லாம் படியிலேயே நின்றுவிடும். வெறுங்காலோடு அந்த நீலத்தில் நடப்போம். எல்லோருக்கும் வான நிறத்தில் பாலியஸ்டர் சேலை. தோய்த்துப் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம் என்று சாரே எடுத்துக் கொடுத்தது.

அவள் ஏலாக்குறிச்சிப் பக்கம். கொள்ளிடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் வயல். நாங்கள் இருவரும் பெண்கள் விடுதியில் ஒரே அறை. காலையில் கையைக் கோத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவோம், சாயங்காலம் கையைக் கோத்துக்கொண்டு திரும்புவோம். அவள் சுண்டுவிரலை மட்டும்தான் கொடுப்பாள். மற்ற விரல்களைக் கேட்டால், "அதெல்லாம் நாளைக்கு" என்பாள்.

அந்த அறையில் விளக்கு போடுவது, மின்விசிறியைத் தட்டுவது எல்லாம் என் வேலை. அவள் சுவிட்சைத் தொட மாட்டாள். அவளுக்குப் பதினாலு வயதானபோது அவள் அப்பா மோட்டார் கொட்டகையில் இறந்துபோனார். ஈரக் கை. எர்த் ஒயர் எப்போதோ அறுந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு நின்ற மோட்டாரை அதற்கப்புறம் யாரும் போடவே இல்லை. வயல் மழையை நம்பிக் கிடந்தது. அவள் அம்மா இன்றைக்கும் வீட்டுச் சுவிட்சை மத்துக் காம்பால்தான் தட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"லைட்டப் போடுடி" என்பாள், கட்டிலில் படுத்தபடியே. எழுந்து போய்ப் போடுவேன். சலித்துக்கொள்வேன், சும்மா. அந்தக் குரல் தினமும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதை இப்போதுதான் எழுத முடிகிறது.

ஐப்பசி மழையில் ஆபீஸ் திறந்தது. பொங்கல் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பொங்கல் கழிந்து பனி விலகி, வெயில் ஏறி, எல்லோர் உதடும் வெடித்தபோது ஆரம்பித்தது. தட்டி முடித்ததை அச்செடுத்து இரும்பு பீரோவில் அடுக்குவது அவள் பொறுப்பு. ஒரு நாள் காகிதக் கட்டோடு போனவள் பீரோ கைப்பிடியில் விரலை வைத்ததும் வீல் என்று கத்தினாள். கட்டு சிதறியது.

"அடிச்சிருச்சு! கரண்டு அடிச்சிருச்சு!"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு இன்னும் இரண்டு தடவை அடித்தது. மறுநாள் எனக்கும் அடித்தது, எல்லோருக்கும் அடித்தது. நடமாடுகிறவள் அவள்தான் என்பதால் அவளுக்குத்தான் அதிகம்.

எங்கள் மேற்பார்வை அக்காவுக்கு வாய் நீளம். "ஒனக்கு ஒடம்பெல்லாம் கரண்டுடி. கட்டிக்கப்போறவன் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் தாலி கட்டணும்" என்று சிரித்தார். சிரித்த கையோடு பீரோவில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டார்.

சார் ஒயர்மேனைக் கூப்பிட்டார். கரகரவென்ற குரலில் பேசுகிற, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் வைத்திருக்கிற மனிதர். பீரோ, கதவு, நாற்காலி எல்லாவற்றிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. பின்பக்கம் மீட்டர் பெட்டிக்குக் கீழே எர்த் குழியைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "எர்த் செத்துப்போச்சு சார். மழ இல்லல்ல. கரியும் உப்பும் காஞ்சு கல்லா கெடக்கு. தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

அந்த வருஷம் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்தது. வாரத்துக்கு ஒரு தடவை குழாயில் வந்தால் உண்டு. அதில் ஒரு குடம் அந்தக் குழிக்கு. முறை வைத்து ஊற்றினோம். "குடிக்கத் தண்ணி இல்ல, குழிக்குத் தண்ணி" என்று முணுமுணுத்துக்கொண்டே, நீலச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பன்னிரண்டு பெண்கள், ஒரு செடியும் இல்லாத மண்ணுக்குத் தினமும் தண்ணீர் விட்டோம். குழி குடித்தது. பீரோ அடித்துக்கொண்டே இருந்தது.

இதில் எனக்கு என்ன போயிற்று என்றால், அந்தச் சுண்டுவிரல். ஆபீஸ் கதவருகே கிளம்பும்போது கை நீட்டினேன், எங்கள் இருவர் விரலுக்கும் நடுவே பட்டென்று வெடித்தது. அவள் கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "என்னயத் தொடாதடி. ஒனக்கும் எதுனா ஆயிரும்." அதற்கப்புறம் தெருவில்கூட ஒரு முழம் தள்ளித்தான் நடந்தாள். துறையூர் ரோட்டு இரைச்சல் எல்லாம் அந்த ஒரு முழத்துக்குள் வந்து நின்றது எனக்கு.

எப்படியோ அவள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். விடுதி வாசலில் நின்றபடியே பேசினார்கள். உள்ளே வரக்கூட இல்லை.

"ஒருத்தரக் குடுத்தது போதும் எனக்கு. பெட்டியக் கட்டு, வூட்டுக்குப் போலாம்."

"அம்மா, எனக்கு இந்த வேல புடிச்சிருக்கும்மா."

"புடிச்சிருக்குன்னு கரண்டு விட்டுருமா?"

அவள் அழுதாள். அம்மாவும் அழுதார்கள். நான்தான் நடுவில் புகுந்து, சரி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் ஈஸ்டர் வரைக்கும் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நின்றால் இருக்கலாம். அதற்கப்புறம் ஒரு தடவை அடித்தாலும் ஊருக்குத்தான். என் பக்கம் திரும்பி, "பாத்துக்க பாப்பா" என்றார்கள். ஏற்கெனவே மகளை அழைத்துக்கொண்டு போகிற முகத்தோடு சொன்னார்கள்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. நாற்பது நாள்.

ஒயர்மேன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒயரையெல்லாம் பிரித்துப் பார்ப்பதற்காக மெயினை இறக்கி, மின்சாரம் உள்ளே வருகிற பீஸ்கட்டைகள் மூன்றையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ஏசி நின்றது. கம்ப்யூட்டர்கள் கண்ணை மூடின. சரி, இப்போதாவது பயமில்லாமல் அடுக்கி வைப்போம் என்று அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனாள். கைப்பிடியைத் தொட்டாள்.

பட்.

அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. அவள் திரும்பி ஒயர்மேனைப் பார்த்தாள். ஒயர்மேன் தன் கையைப் பார்த்தார். மூன்று பீஸ்கட்டையும் கையில்தான் இருந்தன.

"கட்ட எங்கிட்ட இருக்கு. கரண்டு எங்கேருந்து வரும்?" என்றார், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல.

"பேயிண்ணே" என்றார் மேற்பார்வை அக்கா. "நாந்தான் அன்னிக்கே எலுமிச்சம்பழம் கட்டுனன்ல."

அவள் காகிதக் கட்டைக் கீழே வைத்தாள். என்னிடம் வந்து ரொம்ப மெதுவாக, "அப்ப எனக்குள்ளதாண்டி இருக்கு" என்றாள்.

அது என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் பொய். அந்த மத்தியானச் சாப்பாட்டிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிளஸ் டூ இயற்பியல், முதல் பாடம், நிலைமின்னியல். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கியது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்த பாடம். கையைக்கூடக் கழுவாமல் அவளை இழுத்துக்கொண்டு காகிதம் அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் இருட்டு. அங்கேயும் அந்த நீலக் கார்ப்பெட்.

"காலத் தேச்சுத் தேச்சு நட" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்குடி."

"சரி, நான் நடக்குறேன். நீ பாரு."

பத்து எட்டு தேய்த்துத் தேய்த்து நடந்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளிடம் விரலைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்னாலேயே குதித்தது. கொசு அளவு, நீலமாக, ஒரு பொறி. எனக்கு வலித்தது, சிரிப்பும் வந்தது.

"ஐயோ, அழகா இருக்கு" என்றாள் அவள், இருட்டில்.

அடி ஆரம்பித்த பிறகு, பயம் இல்லாத அவள் குரலை அன்றுதான் கேட்டேன். பிறகு சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, சாவி நுனியால் தாழ்ப்பாளைத் தொட்டேன். பொறி சாவிக்கும் இரும்புக்கும் நடுவே துள்ளியது. எனக்கு ஒன்றுமில்லை. அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று, சாப்பாட்டு நேரம் முடிகிறவரை இருட்டில் நட்சத்திரம் செய்து விளையாடினோம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கால் கார்ப்பெட்டில் உரசுகிறது, சேலை நாற்காலியில் உரசுகிறது. உரச உரச உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. வெறும் சிமென்ட் தரையாக இருந்தால் கால் வழியாகவே இறங்கிப் போயிருக்கும், இந்த நைலான் விடாது. மழைக்காலத்தில் காற்றில் இருக்கிற ஈரமே அதைக் கொண்டுபோய்விடும். இப்போது அதுவும் இல்லை. போக வழி இல்லாமல் உடம்பிலேயே நின்று, இரும்பைக் கண்டதும் குதிக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்னவோபோல் ஆயிற்று. என்னைப் பற்றியே சொல்கிறேனோ என்று.

அவள் வேறொன்றைக் கேட்டாள். "அப்ப, அப்பாவ அடிச்சது?"

"அது வேறடி. இது வெரல் நுனியில நிக்கிற ஒரு சொட்டு. குதிச்ச ஒடனே தீந்துபோயிரும். அது வெள்ளத்துல கொள்ளிடம். நிக்காம வந்துகிட்டே இருக்கும். எர்த் சரியா இருந்திருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். ஒங்கப்பா கைக்கு வந்திருக்காது."

"சாமி பண்ணுனது இல்லியா?"

"அறுந்த ஒயர்டி."

"ஒயர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது அதன் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே எழுவது. பீரோவை முதலில் சாவியால் தொடுவது. சாவி இல்லாவிட்டால் விரல் நுனியை நீட்டாமல் முழு உள்ளங்கையையும் அப்படியே பதிப்பது, அப்போது சுருக்கென்று குத்தாது. காய்ந்த கையில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவது. பாலியஸ்டரை விட்டுக் காட்டன் சேலைக்கு மாற சாரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். கார்ப்பெட்டை மட்டும் அவர் விடவில்லை. "அம்மா, என்ன வேணா கேளுங்க, கார்ப்பெட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார், பெண் கேட்டு வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி.

கார்ப்பெட்டே அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது. எங்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். சார் அந்த நீலம் முழுக்க அவரை நடத்திச் சுற்றிக் காட்டி, கடைசியில் வாசலில் கை கொடுத்தார். பட். இருவரும் கையை உதறினார்கள். வந்தவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் காலையில் கார்ப்பெட் சுருட்டப்பட்டு, உரமூட்டைகளுக்கு மேல் படுத்திருந்தது. எர்த் குழிக்குப் போன குடத்துத் தண்ணீரில் பாதியை எடுத்துச் சிமென்ட் தரையைத் துடைத்தோம். மீதியைக் குழிக்கே விட்டோம். ஒயர்மேன் அதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார், எர்த் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டுமாம்.

குருத்து ஞாயிறு வந்தபோது பத்து நாளாக யாருக்கும் அடிக்கவில்லை. ஓலையில் சிலுவை பின்னி என் தலையணையில் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அறைக்குள் இருட்ட ஆரம்பித்ததும், வழக்கம்போல அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவள் எழுந்தாள். சுவர்ப் பக்கம் போனாள். விளக்கு எரிந்தது.

திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவள் நேராக ஒயர்மேனைத் தேடிப் போனாள். "அண்ணே, எங்க மோட்டாருக்கு எர்த் போட்டுத் தர முடியுமாண்ணே? புதுக் குழி. பெருசா."

மோட்டாரைக் கழற்றி அரியலூருக்கு அனுப்பி, உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி வாங்கினார்கள். ஒரு லீவு நாளில் நானும் கூடப் போனேன். கொட்டகையில் ஒயரெல்லாம் புதுசு. எர்த் குழிக்கு ஒயர்மேன் கரி கொட்டினார், அவள் உப்பு கொட்டினாள், நான் தண்ணீர் ஊற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த பலகையின் மேல் ரப்பர் செருப்போடு ஏறி நின்று, பச்சைப் பொத்தானை அவளே அமுக்கினாள். அவள் அம்மா வரப்பில் ஜெபமாலையோடு கண்ணை மூடி நின்றார்கள். முதலில் குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, துருநிறத்தில் கொஞ்சம் கக்கியது. பிறகு தண்ணீர். ஒன்பது வருஷத்துக்கப்புறம் அந்த வாய்க்காலில் மோட்டார்த் தண்ணீர்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்கள்: "பயந்துகிட்டு வூட்டுக்கு வந்துருவான்னு இருந்தேன் பாப்பா. இவ பயத்த விட்டுட்டு வந்து நிக்கிறா."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வயலைப் பார்த்தபடி அவள் நின்ற விதத்தில் ஆபீசுக்குத் திரும்புகிற உடம்பு இல்லை.

நான் அந்தப் பாடத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஈஸ்டரோடு போயிருப்பாள். சொன்னேன், வைகாசியில் போனாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் போகிற கணக்குத்தான். ஆனால் பயந்து போயிருந்தால் நான் அம்மாவைத் திட்டியிருக்கலாம், கரண்டைத் திட்டியிருக்கலாம். இப்போது திட்ட யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அங்கே போயிருக்கலாம். பஸ் ஏறினால் ஒரு பகல்பொழுதுதான். ஏறவில்லை. போனால் அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று தெரியும். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்தபாடில்லை.

அவள் கிளம்பிய அன்று அரியலூர் வரைக்கும் கூடவே போனேன். வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சிமென்ட் லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. மரம், கடை, மனிதர் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்திருந்தது. ஏலாக்குறிச்சி பஸ் வந்தது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே, வெயிலில்.

வாழைக்கன்று எத்தனை வாங்குவது, வாய்க்காலை எங்கே மடக்குவது என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. வாயைத் திறந்தேன்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, அதட்டவும் தெரியாமல் கெஞ்சவும் தெரியாமல் ஒரு குரலில் சொன்னாள்.

"ஏதோ கேக்க வர்ற. கேக்காதடி. கேட்டீன்னா எறங்கிருவேன்."